பால் பொங்கியது படத்தில் இல்லை

முரசுமோட்டை,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் தில்லைநாதன் அவர்களுக்கு,

இங்கே நானும், உங்கள் தங்கை விமலேஸ்வரியும், உங்களுக்காக நான் பக்கத்தில் நின்று கட்டுவித்த புது வீடும் நலம். பாரிசில் நீங்களும் உங்கள் கோபமும் எப்படி என்று அறிய ஆவல். குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு நீங்கள் வெளியேறி இன்றோடு பதினொரு நாள். தொலைபேசியையும் எடுக்கிறீர்கள் இல்லை. ஆனபடியால்தான் பேனை எடுத்தேன்.

குற்றம் என்னுடையதுதான். மகள் மேனுகா பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கற்கைக்குத் தற்காலிக விரிவுரையாளர் என்று சொன்னால் இங்கே ஒருவருக்கும் விளங்குவதில்லை. "எந்தப் படத்திலை பிள்ளை வாறா?" என்கிறார்கள். "நடிக்கேல்லை, படம் பார்க்கப் படிப்பிக்கிறா" என்றால், "கண் இருந்தால் காணாதே?" என்கிறார்கள். இந்தச் சனத்தின் வாயை அடைக்கத்தான், உங்கள் புது வீட்டில் பால் காய்ச்சும் குடிபூரலுக்கு ஸ்டூடியோக்காரன் வேண்டாம், எங்கள் பிள்ளையே வீடியோ எடுப்பாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் ஆட்களை வரிசையில் நிறுத்த மாட்டேன் என்றுவிட்டாள். ஐயர் கமராவுக்காக மந்திரத்தை இரண்டு தரம் சொன்னார், கமராவோ வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. நெளுக்குளத்திலிருந்து புதுச் சீலையோடு பஸ் ஏறி வந்த மீனம்மாக்காவின் வலது முழங்கை மட்டும் நாலு நிமிடம் வருகிறது. "என்ர முழங்கையைக் காட்டவோ நான் விடியவெள்ளன வெளிக்கிட்டனான்?" என்று அவா என்னைப் பிடித்துக்கொண்டா. அதுவும் போகட்டும். பால் பொங்குகிற நேரம் எல்லாரும் பானையைச் சுற்றி நின்று கத்த, இவள் கமராவை அங்காலே திருப்பிவிட்டாள். அங்காலே, தேங்காயில் சாத்தி வைத்த தொலைபேசிக்குள், வேலை செய்யும் உணவகத்தின் களஞ்சிய அறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, விசா இல்லாமல் வர முடியாத நீங்கள் நிற்கிறீர்கள். கம்பளித் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைக்கிறீர்கள். முழுதாக மூன்று நிமிடம், மச்சான்.

"பால் பொங்கினதைக் காணேல்லை, ராசியில்லாத வீடியோ, அழியுங்கோ" என்று நீங்கள் குழுவில் குரல் அனுப்பிவிட்டு வெளியேறியது நியாயம்தான். கண் கலங்கியது வெங்காயத்தால் என்றதையும் நான் அப்படியே நம்புகிறேன். மூட்டைகளின் வாய் கட்டித்தான் கிடந்தது என்று விமலேஸ்வரி சொன்னாள், நான் அவளை அதட்டிவிட்டேன். மேனுகாவுக்குத்தான் பெரிய கவலை. இந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, திரும்ப எடுப்பதற்கு இன்றைக்கு நேர்முகத் தேர்வு. ஏதாவது ஒரு காட்சியைப் போட்டுப் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அந்த மூன்று நிமிடத்தைத்தான் போடப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "மாமான்ர மானம் முக்கியம், உன்ர வேலை பிறகு" என்று சொல்லி, என் கண்முன்னே அழிப்பித்தேன். அழுதுகொண்டேதான் அழித்தாள். எனக்கும் மனம் பொறுக்கவில்லை, ஆனாலும் உங்கள் சொல்லை மீறவில்லை.

போன ஞாயிறு ஸ்டூடியோ கோகுலனைப் பிடித்து, எல்லாரும் அதே உடுப்புப் போட்டு, பாலைத் திரும்பவும் காய்ச்சினோம். "சிரிச்சுக்கொண்டே நில்லுங்கோ" என்றான். பால் பொங்க இருபது நிமிடம், நாங்களும் இருபது நிமிடம் சிரித்தோம், எனக்கு இன்னும் தாடை நோகிறது. மீனம்மாக்கா முழுதாக வந்திருக்கிறா. பால் கிழக்குப் பக்கம் அழகாக வழிந்தது. நீங்கள்தான் தொலைபேசி எடுக்கவில்லை. கோகுலன் உங்கள் படத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டு வீட்டுக்கு மேலே மிதக்க விட்டான். "உயிரோடை இருக்கிற மனிசனை உப்பிடியே போடுறது?" என்று விமலேஸ்வரி பாய்ந்து விழுந்ததில் அதையும் எடுத்துவிட்டான். ஆக, புது வீடியோவில் எல்லாரும் இருக்கிறோம், நீங்கள் மட்டும் இல்லை. இனி மேனுகா உங்கள் பக்கம் கமராவைத் திருப்பவே மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு.

எங்கள் வயற்கரைப் பிள்ளையார் உங்களுக்கு நல்ல சுகத்தையும், விசாவையும், கொஞ்சம் குறைந்த கோபத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
கதிர்காமநாதன்

பி.கு.: உறையை ஒட்டப்போக மேனுகா வந்து நிற்கிறாள். வேலை கிடைத்துவிட்டதாம், இன்னொரு வருடம், தற்காலிகமாகத்தான். எந்தக் காட்சியைப் போட்டாய் என்றேன். நிலத்தைப் பார்த்தாள். "அப்பா, எடுத்த படத்தை ஒரு இடத்திலை மட்டும் சேமிச்சு வைக்கக்கூடாது எண்டுதான் முதல் வகுப்பிலையே நாங்கள் படிப்பிக்கிறனாங்கள்" என்கிறாள்! உங்களை ஐந்து பேராசிரியர்கள் பார்த்துவிட்டார்கள், மச்சான். மன்னியுங்கள். ஒருவர், "பிள்ளை, கடைசியாய்ப் பால் பொங்கினதோ?" என்று கேட்டாராம். "தெரியாது சேர், நான் மாமாவைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்" என்றாளாம். விசா கிடைத்த உடனே வாருங்கள். பாலை மூன்றாம் தரமும் காய்ச்சுவோம்.