திருப்பிப் போடாத கேசட்

ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு சேர்த்த மறுகணமே ஸ்பீக்கரிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. லிஃப்ட் மெக்கானிக் ஒயரை ஆட்டினார். ஸ்பீக்கரின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். உறுமல் இன்னும் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"கரண்ட் இரைச்சல் மாமா," என்றான் மச்சான். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். "ரெண்டையும் ஒரே இடத்துல பிளக் போடணும். ஆளுக்கு ஒரு ரூம்லேருந்து கரண்ட் இழுத்தா இப்படித்தான் சண்டை போடும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சுடுமாடா?"

"இன்னும் மூணு நாள் இருக்கே. முடியாம என்ன."

வெள்ளிக்கிழமை அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் கடைசி நாள். தலைமை நர்ஸ். முப்பத்தொரு வருஷமாக வார்டில் ஒரு கண்ணும் வீட்டில் ஒரு கண்ணுமாக இருந்தவள். லிஃப்ட் குழியில் விழுந்து அவர் காலை முறித்துக்கொண்டபோது, பகலில் அறுபது பேரைப் பார்த்துவிட்டு வந்து அறுபத்தோராவது ஆளாக அவரையும் பார்த்தாள். இதற்கெல்லாம் அவர் ஒருநாளும் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. வெட்கம். பிரிவுபசார விழாவில் அதைப் பாட்டாகப் போட்டுக் காட்டிவிடுவது என்று இப்போது முடிவு.

பாட்டு புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கென்றே பாடி அனுப்பிய கேசட் இருந்தது. முதல் வருஷச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய, ஒரே நாடாவில் நாலு சத்தத்தைத் தனித்தனியாகப் பதியும் நாலு டிராக் ரெக்கார்டரில், முதல் டிராக்கில் கிட்டார், இரண்டாவதில் தன் குரல். எட்டு வயது மச்சான் கையில்தான் கொடுத்தனுப்பினார். இரண்டு நாளில் கேசட் திரும்பி வந்தது, மச்சான் வாயால் ஒரு செய்தியோடு: "ஞாயித்துக்கிழமை அக்கா உங்களை வீட்டுக்கு வரச் சொன்னா."

போனார். கல்யாணம் நடந்தது. கேசட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு இப்போதுதான் எடுக்கிறார்.

வீட்டில் இரண்டு பிளக் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது சமையலறையில் மட்டும்தான். அவற்றில் ஒன்று ஃப்ரிட்ஜுடையது. அதைப் பிடுங்கினார்கள். உறுமல் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் ஃப்ரிட்ஜை மறந்தார்கள்.

சாயங்காலம் மனைவி வந்து வாசலிலேயே செருப்போடு நின்றாள். சமையலறையிலிருந்து ஹால் வரை தண்ணீர்.

"ஃப்ரிட்ஜ் ஏங்க அழுவுது?"

"சர்வீஸ் பண்றேன்."

"கிட்டாரை மடியில வச்சுக்கிட்டா?"

அவள் பாலை முகர்ந்து பார்த்தாள், கொட்டினாள், துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை குளிக்கும்போது, வழக்கம்போல் அவருக்குப் பாட்டு வந்தது. வழக்கம்போல் அவள் குரலும் வந்தது:

"குடுத்த வாக்கைக் காப்பாத்துற மனுஷன்."

கல்யாணமான மறுநாளிலிருந்து கேட்கிற வசனம். என்ன வாக்கு என்று கேட்கத் தைரியம் வந்ததில்லை; ஏதோ ரிப்பேர் செய்து தருவதாகச் சொல்லி மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் எதையாவது சரிசெய்துவிடுவார். அதனால் அந்த வீட்டில் சொட்டுகிற குழாய் கிடையாது, முனகுகிற கதவு கிடையாது. குளியலறை வாசலில்கூட ஒரு சின்னப் பலகை அடித்துக் கொடுத்திருந்தார். காலை நேரத்தில் அவள் போன் எப்போதும் அதன்மேல்தான் இருக்கும்.

அன்றைக்கு ஜன்னல் கொக்கியை முடுக்கிவிட்டு, அவள் கிளம்பியதும் மச்சானை வரவழைத்தார்.

கம்ப்யூட்டரில் சத்தம் நுழைய ஒரே ஒரு துளை. ஒரு தடவைக்கு ஒரு டிராக்தான் போகும். முதலில் கிட்டாரை ஏற்றினார்கள், பிறகு குரலை. சேர்த்துப் போட்டுக் கேட்டால், முதல் வரியில் ஒன்றாகக் கிளம்பிய இரண்டும் கடைசி வரியில் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன.

"உள்ள பெல்ட் தளர்ந்துபோச்சு மாமா. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வேகம்."

"பெல்ட்டா? என்கிட்ட சொல்றியா?" முப்பது மாடி லிஃப்ட்டை இழுத்து நிறுத்துகிறவர் அவர். கழற்றினார், ஒரு ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டினார். இப்போது குரல் ஐந்து வயதுக் குழந்தை ஜலதோஷத்தோடு பாடுவதுபோல் வந்தது. பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டினார்.

வியாழக்கிழமை மச்சானுக்கு ஒரு யோசனை. "ஒவ்வொண்ணா ஏத்தினாத்தானே தகராறு? மெஷின்லயே எல்லா டிராக்கையும் கலந்து ஒரே ஓட்டத்துல உள்ள அனுப்பிடுவோம்." நான்கு டிராக்குக்கும் உள்ள வால்யூமை ஒரே தள்ளாக மேலே தள்ளினான்.

பாட்டு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. யாரோ ஒரு பெண் வார்த்தைகளை உள்ளே இழுத்து விழுங்குவதுபோல் ஒரு குரல்.

இரண்டு பேரும் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"மூணாவதுலயும் நாலாவதுலயும் நான் ஒண்ணுமே பதியலைடா."

மச்சான் தலையைச் சொறிந்தான். "மாமா, சாதாரண ரெக்கார்டர்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு டிராக். திருப்பிப் போட்டா இன்னும் ரெண்டு. உங்க மெஷின் நாலையும் ஒரே திசையில ஓட்டுது. அப்ப மறுபக்கத்துல பதிஞ்சது தலைகீழாத்தான் கேக்கும்."

"இறங்குற லிஃப்ட்டுல நின்னுக்கிட்டு ஏன் மேல போகலைன்னு கேட்ட கதை."

"அதேதான்." அந்த இரண்டு டிராக்கை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பின்னாலிருந்து முன்னால் ஓடும்படி ஒரு தட்டு தட்டினான்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய மனைவி பேசினாள்.

"பாட்டு கேட்டேன். கிட்டார் ரொம்ப நல்லாருக்கு. பாட்டுதான்... எப்படிச் சொல்றது, எனக்குக் காது நல்லாவே கேக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் பாட மாட்டீங்கன்னா எனக்குச் சம்மதம். ஒத்துக்கிட்டா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. நீங்க வந்தா, வாக்குக் குடுத்த மாதிரி."

மெக்கானிக் மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார்.

"அப்ப எனக்கு எட்டு வயசு மாமா," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "அக்கா ரெண்டு விஷயம் சொல்லி அனுப்பிச்சா. திருப்பிப் போட்டுக் கேக்கச் சொல்லு, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. வழியில ஐஸ் வாங்கித் தின்னேன். வர்றதுக்குள்ள ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

அவர் கோபப்படவில்லை. ஃப்ரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருஷம், தினமும் காலையில். சுருதி விலகுவதில் மட்டும் ஒருநாளும் தவறாதவர் அவர். அத்தனையையும் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு வரி சொல்லிக் காட்டிவிட்டு, காபியும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். முறிந்த காலைப் பார்த்துக்கொண்டதெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

"ரெண்டாவது டிராக்கை எடுத்துடு," என்றார்.

"உங்க குரலையா? பாட்டு இல்லாம எப்படி மாமா நன்றி சொல்லுவீங்க?"

"பாடாம இருக்கறதுதான்டா நன்றி."

இரண்டு நாளாக ஒத்துவராத பாட்டு, பாடகர் விலகியதும் கச்சிதமாக ஒத்து வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்ஸுகள் அறையில் நாற்காலி போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். மச்சான் கம்ப்யூட்டரைத் தட்ட, இளம்வயதுக் கிட்டார் ஒன்று கூச்சத்தோடு வாசிக்க ஆரம்பித்தது. மனைவி முதல் மீட்டலிலேயே அடையாளம் கண்டுகொண்டாள். முடிகிற வரை அசையவில்லை.

"பாட்டு எங்கங்க?"

"வாக்குக் குடுத்தேனே." கேசட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மறுபக்கம் மேலே வரும்படி அவள் உள்ளங்கையில் வைத்தார். "நேத்துத்தான் கேட்டேன். இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டதுக்கு..." அவள் விரல்களைக் கேசட்டின்மேல் மூடிவிட்டார். "இனிமே பாட மாட்டேம்மா."

அவள் கேசட்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தம்பி ஜன்னலைப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பைக்குள் இருந்த போனை அவசரமாக இன்னும் உள்ளே தள்ளினாள்.

அப்போது டீத் தட்டோடு பின்னால் நின்ற வார்டு ஆயா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏம்மா, ராத்திரி டூட்டி வரும்போது தூக்கம் வராத நோயாளிங்க காதுல நீங்க போன்ல போட்டுவிடுவீங்களே, அந்தக் குளிக்கிற சத்தத்துப் பாட்டு, அது இந்த ஐயாவா? நீங்க போனாலும் தினம் புதுசா அனுப்புறேன்னீங்களே, இவரு நிறுத்திட்டா நாளையிலேருந்து நாங்க அவங்களை எதைப் போட்டுத் தூங்க வைக்கிறது?"