உச்சி குளிர்ந்த பாவாடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டம் நிற்கும். அதில் பாதிப் பேருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மீதிப் பேருக்கு உட்கார்ந்திருந்தாலே வாங்கும். இவர்கள் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையின் வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்து, கரியாலூர் பக்கம் இறங்கி, எண்பத்தொரு படி ஏறப் போகிறார்கள். எதற்கு? ரத்த அழுத்தத்தைக் குறைக்கத்தான்.

படிக்கு மேலே தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் உச்சிச் சித்தர். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அவர் பெயர் இளமாறன். எங்கோ ஒரு மருந்துக்கடையில் எட்டு வருடம் பிரஷர் மெஷின் விற்றவர். ஞானம் எப்படி வந்தது என்று கேட்டால், "அருவிக்குப் பின்னால மூணு நாள் நின்னேன், வந்துச்சு" என்பார். நின்றது உண்மைதான். வேலை போன கையோடு சுற்றுலா வந்திருந்தார்.

அவருடைய உபதேசம் சின்னது. "மூளையோட உச்சியில ஒரு ஹார்மோன் கெணறு இருக்குது. அது தூந்துபோனா ரத்தம் கொதிக்கும், தொப்பை வைக்கும். நான் தூர் வாரி வுடறேன்." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஹார்மோன் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததுதான் அதன் மகிமை. முன்பெல்லாம் அந்த இடத்தில் ஏதாவது மந்திரம் இருந்தது. இப்போது ஆங்கிலம் வந்திருக்கிறது.

தூர் வாரும் முறையைச் சொல்லிவிடுகிறேன். படியேறி வந்தவரை நிற்கக்கூட விடாமல் உயரமான பலகையில் உட்கார வைப்பார்கள். கை பக்கத்தில் தொங்கும். அதில் பிரஷர் மெஷினின் பட்டையைக் கட்டி, "உன் கொறையச் சொல்லு" என்பார் சித்தர். வந்தவர் அழுது சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெஷின் ஓடும். நூற்றி எண்பதோ தொண்ணூறோ வரும். அந்த எண் பெரிய டிவியில் தெரியும். கூட்டம் உச்சுக்கொட்டும். பிறகு உச்சியில் மூலிகைத் தைலம். கால் மணி நேரம் கண்ணை மூடி இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட வேண்டும். கும்பிட்ட கையை இறக்காமலே இன்னொரு தரம் மெஷின் ஓடும். நூற்றி முப்பத்தைந்து! டிவி சொல்லும்போது யார் மறுப்பது? நூற்றி நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டால், வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரஷர் மாத்திரையை அட்டையோடு உண்டியலில் போட்டுவிட வேண்டும். பணம் போடும் உண்டியல் அல்ல, மாத்திரை உண்டியல். சித்தர் பணத்தைத் தொட மாட்டார். தைலத்தை அவருடைய மச்சான்தான் விற்கிறார்.

படிக்குக் கீழே டீக்கடை போட்டிருக்கும் அம்மாசி மலைக்காரர். "எங்காளுங்க ஒருத்தரும் மேல போறதில்லீங்க. தைலம் கீழேர்ந்து டின்னுலதான் வருது. நான்தான் எறக்கறேன்" என்று சொல்வார், யாராவது கேட்டால். ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா?

சித்தரின் பாதங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆள் ஒல்லி. ஆனால் கணுக்காலுக்குக் கீழே மட்டும் பூரித்துப் பளபளவென்று இருக்கும். "அருளு உச்சியிலேர்ந்து எறங்கி பாதத்துல தங்கியிருக்குது" என்பார் தலைமைப் பக்தை ராஜாம்பாள். தொட்டுக் கும்பிட்டால் விரல் பட்ட இடம் குழிந்து கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். குழி ஆழமாக விழுந்தவருக்குப் பாக்கியம் ஜாஸ்தி என்று ஒரு கணக்கும் உண்டு.

இந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தவர்தான் பாவாடை. வயது ஐம்பத்திரண்டு. கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவில் உட்கார்ந்தால் தொப்பை ஹேண்டில் பாரில் இடிக்கும். அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வி வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, அரசாங்க மாத்திரை கொடுக்கும் வேலையில் இருப்பவர். எங்கோ ஒரு வீட்டில் மருமகளுடைய சர்க்கரை மாத்திரையை மாமியார் விழுங்கிவிட்டதைப் பார்த்த நாளிலிருந்து, ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் பேனாவால் பெயரும் வேளையும் எழுதித்தான் கொடுப்பார். வீட்டுக்காரர் அட்டையிலும் எழுதுவார்: "பாவாடை, காலை 1."

ஒரு நாள் வீட்டில் செல்வி பட்டையைக் கட்டினார்.

"அஞ்சு நிமிஷம் பேசாம குந்துய்யா. கையை மேஜை மேல வை, நெஞ்சு ஒசரத்துக்கு."

பாவாடைக்கு மெஷின்கூடப் பரவாயில்லை. அந்த ஐந்து நிமிட மௌனம்தான் ஆகாது. மெஷின் நூற்றி அறுபத்திரண்டு காட்டியது.

"மாத்திரை போட்டியா?"

"உண்டியல்ல போட்டுட்டேன்."

"எந்த உண்டியல்ல?"

பாவாடை மலையேறிய கதையைச் சொன்னார். பத்து நாளாக மாத்திரையே இல்லை. "சாமி மெஷின்ல நூத்தி முப்பத்தாறுதான். உன்னுது கவருமெண்ட் மெஷினு, அதான் ஏத்திக் காட்டுது. சாமி இன்னா சொன்னாரு தெரியுமா? உனுக்கு ராஜ ஒடம்புடான்னாரு."

உச்சி குளிர்ந்தது தைலத்தினால் அல்ல என்பது செல்விக்குப் புரிந்தது. பக்கத்து அறையைப் பார்த்தார். அங்கே பாவாடையின் தம்பி அய்யனார் கட்டிலில் படுத்திருந்தார். போன வருடம் வரை மூட்டை தூக்கியவர். இப்போது இடது கையும் காலும் வராது. பேச்சும் குழறல்தான்.

"அய்யனாரு இன்னா சொல்லி மாத்திரைய வுட்டான்? ஞாபகம் இருக்குதா?" செல்வி கட்டில் பக்கம் கையைக் காட்டினார். "தலைவலி இல்ல, மாத்திரை எதுக்கு அண்ணின்னான். எனுக்கு ஒரு கட்டிலு போதும்யா. ரெண்டாவது கட்டிலு வாணாம்."

பாவாடை தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் விடவில்லை. "சாமி ஹார்மோனுன்றாரு. அது இன்னான்னு உனுக்குத் தெரியுமா?"

"டிரெய்னிங்ல டாக்டரம்மா சொன்னாங்க. உன் தொப்பையில கொழுப்பு இருக்குதே, அது சும்மா குந்திக்கினு இல்ல. 'இங்க சரக்கு போதும்'னு ஒரு சேதிய ரத்தத்துல போட்டு மூளைக்கு அனுப்பிக்கினே இருக்குது. அந்தச் சேதிதான் ஹார்மோனு. அதைக் கேட்டுத்தான் எவ்ளோ பசிக்கணும், ஒடம்பு எவ்ளோ எரிக்கணும், ரத்தக் கொழாய எவ்ளோ இறுக்கணும்னு மூளை முடிவு பண்ணுது. தொப்பை ஜாஸ்தியானா சேதியும் ஜாஸ்தி. அப்ப பசிய கம்மி பண்ணுன்றது மூளை காதுல வுழாது. பிரஷர ஏத்துன்றது மட்டும் நல்லா கேக்கும்."

"அதெப்படி, ஒண்ணு கேக்கும் ஒண்ணு கேக்காது?"

"நீ இல்லையா? அரிசி தீந்துபோச்சுன்னா கேக்காது. சோறு போட்டாச்சுன்னா தெரு முனையிலேர்ந்து வந்து குந்துவியே."

பக்கத்து அறையில் அய்யனார் குழறலாகச் சிரித்தார்.

"இது ஒண்ணுதான் காரணம்னு இல்ல. உப்பு இருக்குது, பீடி இருக்குது, பரம்பரை இருக்குது. ஆனா சேதி ரத்தத்துல போவுதுய்யா. மண்டைக்கு மேல தைலம் ஊத்தினா நிக்குமா?"

"வர ஞாயித்துக்கெழம நீயே வந்து பாரு. பாத்துட்டுப் பேசு."

"வரேன்."

வந்தார். எண்பத்தொரு படியும் ஏறினார். ஒரு தூணோரம் நின்று வரிசையில் போன ஆறு பேரைப் பார்த்தார். முதலில் கை தொங்குவதைப் பார்த்தார். கடைசியில் கை மேலே போவதைப் பார்த்தார். முதல் ஆளைப் பார்த்தபோதே செல்விக்குச் சிரிப்பு வந்தது. ஆறாவது ஆள், பிள்ளைத்தாய்ச்சி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மாள், மூன்று அட்டையை உண்டியலில் போட்டபோது கோபம் வந்தது.

ஏழாவது ஆள் பாவாடை. தொங்கிய கையில் நூற்றி எண்பத்து நாலு. தைலம், தியானம், கும்பிடு. டிவியில் நூற்றி முப்பத்தெட்டு. "உச்சியே போற்றி!" என்று கொட்டகை அதிர்ந்தது.

"சாமி, ஒரு வேண்டுதல்," என்று செல்வி வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையோடு பணிவாகவே முன்னால் வந்தார். "பட்டைய அவுக்க வாணாம். கையை மட்டும் எறக்கி இந்தத் தலகாணி மேல வெச்சி, இன்னொருவாட்டி பாக்கலாங்களா?"

"கையை எறக்கினா அருள் கலைஞ்சிடும்மா."

"இவரு ஆட்டோ ஓட்டறவருங்க சாமி. ஹேண்டில் பாரைத் தலைக்கு மேலயா வெச்சிக்க முடியும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த இடத்தில் பயபக்தி கொஞ்சம் நகர்ந்து உட்காரும். சித்தர் யோசிப்பதற்குள் செல்வி கணவர் கையை இறக்கித் தலையணை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

டிவியில் நூற்றி அறுபத்தொன்று.

கையைத் தொங்கவிட்டார். நூற்றி எழுபத்திரண்டு.

தலைக்கு மேலே தூக்கினார். நூற்றி முப்பத்தேழு.

தைலம் ஒரு சொட்டுக்கூட புதிதாக ஊற்றவில்லை. அருள், கையோடு ஏறி இறங்கியது. நெற்றியில் தைலம் வழிய பாவாடை டிவியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கையை நெஞ்சுக்கு மேல தூக்கினா மெஷினு கம்மியா காட்டும். கீழ வுட்டா ஜாஸ்தியா காட்டும்," என்றார் செல்வி கூட்டத்தைப் பார்த்து. "மாடி வூட்டுக் கொழாயில தண்ணி நூலாட்டம் வரும், கீழ் வூட்டுல பீச்சி அடிக்குமே, அதான். மெஷினு வித்தவருக்கு இது தெரியாதுங்களா?"

சித்தர் கண்ணை மூடிக்கொண்டார். "சந்தேகம் புகுந்த ஒடம்புல ரத்தம் ஏறத்தான் செய்யும்."

"அப்படின்னா சந்தேகமே இல்லாத ஒடம்புக்குக் கட்டிப் பாப்பம். சாமி, கையக் குடுங்க."

கூட்டம் ஆவலாக முன்னால் நெருங்கியது. சித்தருக்கு வழியில்லை. தலையணை மேல் கை. ஐந்து நிமிட மௌனம். நூற்றி இருபத்து நாலு! கொட்டகை மறுபடி அதிர்ந்தது. ராஜாம்பாள் செல்வியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அருமையான பிரஷருங்க சாமி," என்றார் செல்வி. குனிந்து அவருடைய கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். குழி விழுந்து நின்றது. "காலையில இன்னா சாப்ட்டீங்க?"

சித்தர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ராஜாம்பாளால் பொறுக்க முடியவில்லை.

"இன்னா கேள்வி இது? சாமி சோறு தின்ற ஆளா? தெனமும் காலையில சுருக்குப் பையிலேர்ந்து ஒரு பாறைக் குளிகை போட்டுப்பாரு, அவ்ளோதான். சாமி, காட்டுங்க! இவ வாய அடைங்க!"

"வாணாம் ராஜாம்பா…"

"இருங்க சாமி, உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி!" என்று பக்தி முற்றிய அந்த அம்மாள் அவர் இடுப்பிலிருந்து பையை உருவி, கூட்டத்தின் முன்னால் கவிழ்த்தார்.

குளிகை எதுவும் விழவில்லை. நாலு மாத்திரை அட்டைகள் விழுந்தன.

பாவாடை ஒன்றை எடுத்தார். பத்து மாத்திரையில் ஏழு காலி. திருப்பிப் பார்த்தார். அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியும். நாலு வருடமாகப் பார்க்கிற எழுத்து. எழுத்துக் கூட்டி உரக்கவே படித்தார்: "பாவாடை, காலை ஒண்ணு."

முன்னால் நின்றவர்கள் அட்டையை எட்டிப் பார்த்தார்கள்.

"மாத்திரை சாப்ட்டது தப்பில்லீங்க சாமி," என்றார் செல்வி. "இந்த மலை மேல ஒழுங்கா மாத்திரை சாப்புடறவரு நீங்க ஒருத்தருதான். ஆனா இந்த மாத்திரை சில பேருக்குக் காலை வீங்க வெக்கும். டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்தித் தருவாங்க."

பாதத்தைத் தொட்ட தங்கள் விரலைத் தூக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. அருள் என்று இத்தனை நாளாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது, அவர்களே உண்டியலில் போட்ட மாத்திரையின் வீக்கம். மச்சான் ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது. சித்தர் பூரித்த பாதங்களோடு எண்பத்தொரு படியையும் அதிசய வேகத்தில் இறங்கினார். அந்த மலையில் நடந்த ஒரே அற்புதம் அதுதான்.

கூட்டம் உண்டியலை உடைத்தது. "ஒருத்தரும் எடுத்து வாயில போடாதீங்க!" என்று செல்வி கத்தினார். "எது யாருதுன்னு தெரியாது. நாளைக்கு அவங்கவங்க ஊரு ஆஸ்பத்திரிக்குப் போயி, பிரஷர் பாத்துட்டு வாங்கிக்குங்க." உடனே நாலு பேர் அவர் காலில் விழப்போனார்கள். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "தைலம் முடி கொட்டறதுக்காவது ஆவுமா தாயி?" என்று ராஜாம்பாள் மெல்லக் கேட்டார்.

கீழே அம்மாசி கடையில் சர்க்கரை இல்லாத டீ வந்தது. பாவாடை கர்ச்சீப்பால் நெற்றித் தைலத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"இவ்ளோ தெரிஞ்சவ ஏன் மொதல்லயே சொல்லல?"

"நாலு வருசமா சொல்லிக்கினுதான் இருக்கேன். அந்தச் சேதிதான் உன் காதுல வுழல."

பாவாடை அட்டையில் மீதி இருந்த மூன்றில் ஒன்றைப் பிதுக்கி எடுத்து, செல்வி பார்க்கும்படியாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். செல்வி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன வாரம் கேள்விப்பட்டேன், திருநாவலூர்ப் பக்கம் உள்ளங்கால் சித்தர் என்று ஒருவர் புறப்பட்டிருக்கிறாராம். இப்போதே நல்ல கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். மண்டையோட்டுக்கு மேலே தைலம் ஊற்ற ஆயிரம் பேர் வருவார்கள். உள்ளே இருப்பதை வேலை வாங்க உங்களைத் தவிர ஒருவனும் வரமாட்டான்.