கொண்டையன் சாவும் ஓர் அமைதிப் பேச்சுவார்த்தையும்

மலையணில் கொண்டையன், ஆறாம் பாகம், இருபத்துமூன்றாம் அத்தியாயம், பக்கம் இருநூற்றுப் பதினான்கில், சாயங்கால வேளையில் காலமானான். அந்தச் செய்தி அரசுக் கோப்பில் ஏற மூன்று வாரம் ஆனது. நம் பக்கம் யார் செத்தாலும் ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும் என்பதால் அதை யாரும் தாமதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொண்டையனைக் கொன்றவர் ஞானசம்பந்தம். குற்றாலச் சாரல் வந்து தொடும் தூரத்தில் உள்ள ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எந்த அலுவலகம் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். பட்டா மாறுதலோ வாரிசுச் சான்றிதழோ, ஞானசம்பந்தம் அடித்த மனு என்றால் அதிகாரிகள் கடைசி வரி வரைக்கும் படிப்பார்கள் என்று பேச்சு. வீரகேரளம்புதூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும்கூட அவரைத் தேடி ஆள் வரும்.

மனு இல்லாத நேரத்தில் அவர் நாவல் எழுதினார். பதினோரு வருஷத்தில் ‘முகில்மலை’ என்ற மாயக்கதை வரிசையில் ஐந்து பாகம். யானை உயரத்துக்கு ஒரு மலையணில். அது பேசும், வம்பளக்கும், ஒரு பலாச்சுளை கிடைக்கும் என்றால் எந்த வேலையையும் செய்யும். அதன் முதுகில் மழைநாச்சி என்கிற இளவரசி. ஐந்து பாகத்திலும் அவள் கால் தரையில் பட்டதே இல்லை. ஊர் இதை அப்படியே வாரி அணைத்துக்கொண்டது. சீசன் வந்துவிட்டால் அருவிக்குப் போகிற வழியெல்லாம் கொண்டையன் பொம்மை, கொண்டையன் பனியன், கொண்டையன் படம் போட்ட துண்டு.

ஆறாம் பாகத்தில் ஞானசம்பந்தத்துக்கு என்னவோ ஆகிவிட்டது. அந்த ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் எட்டு மாதம் பிடித்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதினார், அழுதார், கிழித்தார், மறுபடி எழுதினார். தன் ஆயுசில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று முடித்தபோது அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு, படித்தேன் என்று வந்து சொல்ல வேண்டும்.

புத்தகம் வெளிவந்ததும் முதலில் வந்தவர் உமா மகேஸ்வரி. ஊர் வாசகியர் வட்டத்தின் தலைவி.

“அண்ணாச்சி, ஒரு மனு அடிக்கணும்.”

“யாரு மேலம்மா?”

“உங்க மேலதான்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தப்பா நினைச்சுக்கிடாதீங்க. மொதல்ல வேற கடையிலதான் குடுத்தேன். அவரு அடிச்ச மனுவைப் படிச்சா அழுகையே வர மாட்டேங்கு. உங்களை மாதிரி வராதுல்லா.”

“என்னம்மா குறை?”

“கொண்டையனைக் கொன்னுட்டீங்களே! புதுவீட்டுக்குக் ‘கொண்டையன் இல்லம்’னு கிரானைட்டுல பேரு வெட்டி வச்சிருக்கோம். பால்காய்ச்சி நாப்பது நாள் ஆகல. செத்த அணில் பேரை வாசல்ல எப்படி வச்சிக்கிடுதது?”

“அத்தியாயத்தைப் படிச்சீங்களா?”

“எப்படிப் படிப்பேன்? மனசு தாங்குமா? எங்க தங்கச்சி மவ போன்ல சொன்னா. பழத்துல விஷம் வச்சுட்டாகளாமே, பாவிக!”

ஞானசம்பந்தம் கீபோர்டை இழுத்துக்கொண்டார். எதிரே இருப்பவர் மனுதாரர். மனுதாரர் சொல்வதை எழுதுவதுதான் தொழில். ‘பொருள்: கொண்டையன் என்னும் மலையணிலை மீண்டும் உயிருடன் கொண்டுவர ஆணையிடக் கோருதல்’ என்று ஆரம்பித்தார். இரண்டாம் பத்திக்கு வந்தபோது தொழில் ருசி பிடித்துக்கொண்டது. ‘மேற்படி ஆசிரியர் தன்னிச்சையாகவும், வாசகர்களைக் கலந்தாலோசிக்காமலும், ஈவிரக்கமின்றியும்’ என்று அடித்து, ‘ஈவிரக்கமின்றியும்’ என்பதைத் தடித்த எழுத்தாக்கினார். உமா மகேஸ்வரி வாசித்துப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். மனு நன்றாக வந்திருந்தது.

அன்று பிற்பகல் விஜய்பாண்டி வந்தான். என்ஜினீயரிங் முடித்தவன். வெயிலோ சாரலோ, கறுப்புச் சட்டைதான். ஆறு மாதமாக அவன் கூட்டத்துப் பையன்களுக்கு எல்லாமே டார்க்காக இருந்தாக வேண்டும். படம் டார்க், காபி டார்க். போட்டோ எடுத்தால் அதில் முகம் தெரியக் கூடாது.

“அண்ணாச்சி, அந்த அக்கா மனு குடுத்திருக்காகளாமே. நமக்கு ஒரு எதிர்மனு போடணும். ஒரு எழுத்தை மாத்தக் கூடாது. இப்பதான் நீங்க இலக்கியமே எழுதியிருக்கீங்க.”

ஞானசம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “எந்த இடம் தம்பி பிடிச்சுது?”

“அதான், தலைய வெட்டுதாம்லா, அது அப்படியே ஸ்லோவா உருண்டு வருதுல்லா. அந்த இடம்.”

“புத்தகத்துல அப்படி ஒண்ணும்...”

“புத்தகம் இனிமேதான் பாக்கணும் அண்ணாச்சி. முப்பது செகண்டு வீடியோ ஒண்ணு வந்துச்சு. ஏழாம் பாகத்துல அந்த இளவரசிப் பிள்ளையையும் முடிச்சு விட்டிருங்க. மனுவுல அதையும் சேத்துக்கிடுங்க.”

சேர்த்துக்கொண்டார்.

இரண்டு மனுக்களும் ஒரே நாளில் வட்டாட்சியர் குற்றாலீஸ்வரனின் மேஜைக்குப் போயின. அவர் முதல் மனுவைப் படித்தார். நியாயம் முழுக்க அதன் பக்கம் இருந்தது. இரண்டாவதைப் படித்தார், நியாயம் முழுக்க அதன் பக்கமும் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில்தான் கல்லெறி நடக்கும் என்பது அவருடைய இருபத்திரண்டு வருஷ அனுபவம். கோயில் கொடை விழா, ஃபிளெக்ஸ் போர்டு, தேர் நிற்கிற முக்கு என்று எத்தனையோ தகராறுகளில் இரு தரப்பையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியவர் அவர். ‘இருதரப்பு வாசகர்களிடையே நிலவும் பதற்றமான சூழ்நிலையைக் கருத்திற்கொண்டு’ வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அமைதிப் பேச்சுவார்த்தை என்று அறிவிப்பு போனது.

இடது பக்கம் உமா மகேஸ்வரி தரப்பு. வலது பக்கம் விஜய்பாண்டி தரப்பு. நடுவே இரண்டு போலீஸ்காரர்கள். கதவோரம் டீத் தட்டோடு அலுவலக உதவியாளர் தங்கத்தாய். அந்த அறையில் எந்தத் தரப்பும் இல்லாத ஒரே ஆள் அவள்தான். அமைதிப் பேச்சுவார்த்தைக்கென்று அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு படிவம், கோயில் திருவிழாவுக்கானது. வட்டாட்சியர் அதை எடுத்துக்கொண்டார்.

“ஊர்வலம் எந்தத் தெரு வழியாப் போகுது?”

“சார், இது கதை” என்றார் ஞானசம்பந்தம்.

“சரி, கதை எந்தத் தெரு வழியாப் போகுது?”

“மலையிலேருந்து அடிவாரத்துக்கு வருது சார்.”

“மேற்கேயிருந்து கிழக்கே” என்று எழுதிக்கொண்டார். “மைக்செட் உண்டா?”

“இல்ல சார்.”

“நல்லது. முந்தின அஞ்சு பாகத்துல இந்த அணில் செத்திருக்கா?”

“இல்ல சார்.”

வட்டாட்சியர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. “அப்ப இது புது வழக்கம். புது வழக்கத்துக்கு நான் அனுமதி குடுக்க முடியாது.”

இடது பக்கம் கைதட்டியது. விஜய்பாண்டி எழுந்தான். “சார், அப்ப செத்தவங்களைப் பிழைக்க வைக்கது மட்டும் பழைய வழக்கமா?”

வட்டாட்சியர் யோசித்தார். வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அப்படி நடந்ததாக அவருக்கு நினைவில்லை. நிம்மதி போய்விட்டது.

“சார்,” என்றார் ஞானசம்பந்தம். குரல் கெஞ்சியது. “நீங்க ஒரே ஒரு தடவை அந்த அத்தியாயத்தைப் படிச்சுப் பாத்தீங்கன்னா...”

“எப்படிங்க படிக்க முடியும்? படிச்சா எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துரும். அபிப்பிராயம் வந்துட்டா அப்புறம் நான் எப்படி நடுநிலையா இருக்கது?”

அதற்கு இரு தரப்பும் தலையாட்டின. ஒரு மணி நேரத்தில் தீர்மானம் தயாரானது. ‘கொண்டையன் இறந்ததாகவோ இருப்பதாகவோ கருதப்படாமல், மறு உத்தரவு வரும்வரை தற்போதைய நிலையே நீடிக்கும். பிரச்சினைக்குரிய பக்கங்கள் 209 முதல் 226 வரை சீல் வைக்கப்படும். ஏழாம் பாகத்தில் மேற்படி அணிலை மேற்படி இளவரசி தேடவோ நினைக்கவோ கூடாது.’ எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஞானசம்பந்தமும் போட்டார். போடாவிட்டால் அமைதிக்குக் குந்தகம் விளைவித்தவர் ஆகிவிடுவார் என்று போலீஸ்காரர் ஒருவர் காதோடு சொன்னார். பிறகு டீ குடித்துவிட்டு, இரு தரப்பும் சேர்ந்து நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

வட்டம் முழுக்க இருந்த புத்தகங்கள் வந்து சேர்ந்தன. நூலகத்திலிருந்து, கடைகளிலிருந்து, வீடுகளிலிருந்து. வீட்டிலிருந்து வந்தவற்றில் முக்கால்வாசி பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. பதினெட்டுப் பக்கத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து, குறுக்கே காகிதம் ஒட்டி, அதன் மேல் அலுவலக முத்திரை குத்தும் வேலை தங்கத்தாய்க்கு வந்தது. பதிவறையில் தனியாக உட்கார்ந்து குத்தினாள். இரண்டாம் நாள், இந்தப் பதினெட்டுப் பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு புத்தகத்தை விரித்தாள்.

மூன்றாம் நாள் மதியம், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு எதிர்க்கடைக்கு வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, அதைப் படிச்சிட்டேன்.”

ஜெராக்ஸ் மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஞானசம்பந்தம் அதை நிறுத்த மறந்துவிட்டார்.

“வெள்ளத்துல கொடிப்பாலம் அந்துபோவுது. ஊர்ச்சனம் பூரா கரை ஏறுத வரைக்கும் அதைப் பல்லுல கவ்விக்கிட்டு நிக்கான். கடைசி ஆளு ஏறினதும் விட்டுருதான். பெறவு அந்தப் பிள்ளை இருட்டுல, முள்ளுல, மொத மொதல்ல தரையில கால வச்சு நடந்து வருது பாருங்க...” தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “எங்க வீட்டு ஆளு செத்துப்போய், கருணை அடிப்படையில எனக்கு இந்த வேலை கெடச்ச அன்னைக்கு, அந்தா அந்த கேட்டுலயிருந்து உள்ள போறதுக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? அவன் செத்தது எனக்குப் பிடிக்கல அண்ணாச்சி. ரெண்டு நாளா சோறு இறங்கல. ஆனா சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

எட்டு மாதம் அழுததற்கும் சேர்த்து அந்த ஒரு நிமிஷத்தில் ஞானசம்பந்தம் சந்தோஷமாக இருந்தார். மெஷின் அதற்குள் ஒரே ஆதார் அட்டையை எண்பது நகல் எடுத்திருந்தது.

மறுநாள் இரு தரப்பினரும் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்வையிட வந்தார்கள். “விஷம் வச்சுக் கொன்னுட்டு இப்ப சீல் வச்சு மறைக்காக” என்று உமா மகேஸ்வரி பெருமூச்சு விட்டார்.

தங்கத்தாய்க்குப் பொறுக்கவில்லை. “விஷமெல்லாம் இல்லக்கா. பாலத்தைப் புடிச்சிட்டு நின்னான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சார்!” என்று விஜய்பாண்டி கத்தினான். “சீல் வச்ச பக்கத்தைப் படிச்சிருக்காங்க சார்!”

பிரச்சினை ஆரம்பித்ததிலிருந்து இரு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஒரு மணி நேரத்தில் குறிப்பாணை தயாரானது. ‘அமைதிப் பேச்சுவார்த்தையின் முடிவுக்கு மாறாக, பிரச்சினைக்குரிய பகுதியைப் படித்ததோடு நில்லாமல், அதன் பொருளையும் விளங்கிக்கொண்ட தங்கள் மீது ஏன் துறைரீதியான நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.’

அதை எடுத்துக்கொண்டு அவள் நேரே எதிர்க்கடைக்கு வந்தாள். விளக்கம் அடிக்க வேறு எங்கே போவாள்?

“ரெண்டு பிள்ளைக படிக்குது அண்ணாச்சி. இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற போக்கு கெடையாது. நான் படிக்கலன்னே அடிச்சுக் குடுங்க.”

“உள்ளதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு எழுதிப் பாப்பமா?”

“உள்ளதை எழுதினா உள்ள விடமாட்டாகல்லா.”

ஞானசம்பந்தம் திரையில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தார். பிறகு அடித்தார். ‘மேற்படி அத்தியாயத்தை நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படிக்கும் ஆவலும் எனக்கு எழவில்லை. கொடிப்பாலம் பற்றி நான் கூறியது முற்றிலும் என் கற்பனையே. அவ்வத்தியாயத்தில் மனத்தைத் தொடும்படி ஏதும் இருப்பதாக எவரும் என்னிடம் சொன்னதுமில்லை.’ எதையும் தடித்த எழுத்தாக்கவில்லை. தங்கத்தாய் கையெழுத்துப் போட்டுவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டுமாம் என்று தயங்கியபடி சொன்னாள். ஞானசம்பந்தம் பேனாவை வாங்கிப் போட்டார். பதவி என்ற இடத்தில் ‘நூலாசிரியர்’ என்று எழுதினார்.

வட்டாட்சியர் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “என்னா எழுத்து! நாவலையும் இந்த மனுசன் இப்படி எழுதியிருந்தா ஒரு பிரச்சினையும் வந்திருக்காதே” என்று எழுத்தரிடம் மனம்விட்டுச் சொல்லிவிட்டு, கீழ்க்கண்ட உத்தரவில் கையெழுத்திட்டார்.

‘இவ்வட்டத்தில் மேற்படி அத்தியாயத்தைப் படித்தவர் எவருமில்லை என்பது ஆசிரியரின் சாட்சியத்தாலேயே ஐயமற உறுதியாவதால், அமைதி திரும்பியதாகக் கருதிக் கோப்பு முடிக்கப்படுகிறது. நகல்: நூலாசிரியருக்கு, தகவலுக்காக.’