ஓர் ஆடு, மூன்று அண்டா

சொந்தக்காரர்களிடம் "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டால், அதோடு நிம்மதி போச்சு. நான் சொன்னேன். அதுவும் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

மாமாவின் கடை வாசலில் பெரிய போர்டு ஒன்று உண்டு. 'ஆட்டுக்கறி மட்டும்.' கோழி, காடை எதுவும் வாசப்படி தாண்டாது. அந்த ஒரு வரியை நம்பித்தான் தாடிக்கொம்பு, எரியோடு பக்கமிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். அந்தப் பெயரில் ஒரு கீறல் விழுந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று மாமா தினமும் சொல்வார். (காலையில் எழுந்ததும் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை.)

பில் போடவும், வாசல் டிவியில் விலைப் பட்டியல் காட்டவும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் சுவிட்சைத் தட்டியதும் டிவியின் மேல் மூலையில் நாலு பென்குயின்கள் வரிசையாக வந்து நின்றன. லினக்ஸின் அடையாளப் படம் அது.

"ஏலே, என்னாலே இது?"

"பென்குயின் மாமா."

"பறவையா?"

"ஆமா, ஆனா பறக்காது."

"பறந்தா என்ன, நடந்தா என்ன? ஆட்டுக்கறி மட்டும்னு போர்டு எழுதிட்டு, டிவில நாலு பறவைய நிப்பாட்டுவியா? தூக்குலே மொதல்ல!"

தூக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது? அந்த இடத்தில் ஓர் ஆட்டின் படத்தைப் போட்டேன். நான் போட்டது ஓர் ஆடு, வந்து நின்றது நாலு ஆடு. அந்தப் படத்துக்கு அப்படியொரு குணம். கம்ப்யூட்டர் சிப்புக்குள் எத்தனை மூளை விழித்திருக்கிறதோ, மூளைக்கு ஒன்று வீதம் அத்தனை படம் வரும். எங்கள் மிசினுக்கு நாலு மூளை.

மாமா பூரித்துப்போனார். கடையில் அன்றாடம் அறுப்பதும் நாலு ஆடுதான். ஆகவே, வரிசையில் நின்று டிவியை அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லாரும் அதை அன்றைய அறுப்புக் கணக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. ("பய கெட்டிக்காரன்" என்று நாலு பேர் சொல்லும்போது யாருக்குத்தான் மறுக்க மனசு வரும்?)

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்புச் சூட்டில் மிசின் திணறி நின்றுவிட்டது. நான் மூன்று மூளைகளை அணைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டேன். சூடு அடங்கியது. என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. மூன்று அண்டாக்களையும் வாசலில் இறக்கி வைத்திருந்தார்கள். நான் சுவிட்சைத் தட்டினேன்.

டிவியில் ஒரே ஓர் ஆடு.

மூளையை அணைத்தால் ஆடும் குறையும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படம் சில நொடிதான் தெரியும், யாரும் பார்த்திருக்கக் கூடாது யா அல்லாஹ் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் பாய், இன்னிக்கு ஒரு ஆடுதானா?"

வரிசையில் முதல் ஆள். எரியோட்டிலிருந்து சந்தைக்கு முருங்கைக்காய் கொண்டுவருபவர், எங்கள் கடையின் வெள்ளிக்கிழமை வாடிக்கை. அண்டாக்களை ஒருமுறை பார்த்தார், டிவியை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு ஆட்டுலயா இம்புட்டுப் பிரியாணி? அப்ப மிச்ச அண்டாவுல என்ன கறி கெடக்கு?"

"அதானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று முன்னால் பாய்ந்தேன்.

"இல்லண்ணே, மிச்ச மூணும் நேத்து சூடு தாங்காம படுத்துருச்சு. அதான் நானே..."

"காய்ச்சல் கண்ட ஆட்டயா போட்டீங்க!"

இரண்டு பேர் வரிசையை விட்டு வெளியேறினார்கள். பிறகு ஒரு குடும்பமே வெளியேறியது. மாமாவின் கடையை ஒரே வாக்கியத்தில் மூடப் பார்த்தவன் நான்.

மாமா உள்ளே போனார். தலைக்கறிக்காக எடுத்து வைத்திருந்த ஆட்டுத் தலைகளைத் தாம்பாளத்தில் அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எண்ணிக்கங்க!"

எரியோட்டுக்காரர் எண்ணினார். "மூணுதான பாய் இருக்கு?"

நாலாவது தலையை மாமி காலையிலேயே வீட்டுக்கு வாங்கிப்போயிருந்தார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஓட ஆரம்பித்தேன். இரண்டு தெரு. மாமி தலையை முழுசாக மஞ்சள் தடவி வேகப் போட்டிருந்தார். சட்டியோடு தூக்கினேன்.

"டேய், அதுக்கு இன்னும் உப்பே போடலடா!"

ஆவி பறக்கும் சட்டியோடு நான் திரும்பி வந்தபோது வரிசையில் பாதி இல்லை. எரியோட்டுக்காரர் வீட்டிலும் ஆடு உண்டு. அவர் மூன்று தலைகளின் வாயையும் பிளந்து பல்லைப் பார்த்தார். நாலாவதில் ஒரு துணுக்குப் பிய்த்து வாயில் போட்டார். தெருவே அவர் வாயைப் பார்த்தது.

"நாலும் எளங்கெடாதான். சீக்கெல்லாம் இல்ல." மென்று முடித்துவிட்டு, "இதுல உப்பு மட்டும் இல்ல பாய்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மூன்று அண்டாவும் காலியானபின் மாமா என்னை உட்காரவைத்து விளக்கம் கேட்டார். சொன்னேன்.

"நாலு மூள இருந்தும் ஒண்ணுதான் முழிச்சிருந்துச்சா?"

"ஆமா மாமா."

"மிசினுக்கா, ஒனக்கா?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் போன் வாங்கினாலும் லேப்டாப் வாங்கினாலும் மாமா கேட்கும் ஒரே கேள்வி, "இது எத்தன ஆடு?" (என் போன் எட்டு ஆடு.) அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

போன வருஷம் என் நிக்காஹ். மண்டபம் நிறைய ஆட்கள். நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் சம்மதம் கேட்டார். பயத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, குரலே வரவில்லை. சபை என்னையே பார்த்தது. பெண்வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "செத்த நேரம் பொறுங்க ஹஜ்ரத். இப்ப ஒரு ஆடுதான் முழிச்சிருக்கு. மிச்ச மூணும் எந்திரிக்கட்டும்."

முதலில் சிரித்தது எரியோட்டுக்காரர்.