ஏச்சு டெயிலரும் என் மகளின் தோளும்

கல்முனையில் வாடிக்கையாளரை ஏசியே கடையை நிரப்பிய ஒரே மனிதர் ஏச்சு டெயிலர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததோ என்னவோ. பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும் விளையாட்டுச் சட்டை தைப்பார். அளவெடுக்குமுன், பிள்ளை கணிதத்தில் எத்தனை புள்ளி என்று கேட்பார். பதில் தெரியாத வாப்பாமாரை வாசலிலேயே நிறுத்தி ஏசுவார். பாலமுனையிலிருந்து வந்த ஒருவர் ஏச்சுக்குப் பயந்து மகனின் தேர்ச்சி அறிக்கையையே கையோடு கொண்டுவந்தார். அதைப் பார்த்த பிறகு அவருக்கு இரட்டிப்பு ஏச்சு விழுந்தது.

நானும் அவரிடம் அகப்பட்டேன். என் மகள் ஸமீஹா பட்மின்டன் ஆடுவாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் புலமைப்பரிசில் கொடுத்துக் கூப்பிடும் என்று அவளுடைய பயிற்றுநர் சொன்னார். எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். நான் இனிப்பு வாங்கி ஊருக்குப் பங்கிட்டேன். இரண்டு வருடமாகக் கிழமைக்கு நாலு நாள் அம்பாறைக்குப் பயிற்சிக்கு ஓட்டம். இரசாயனவியல் டியூசனை நிறுத்தினேன். வயலில் ஒரு துண்டை விற்றேன். பிள்ளை காரின் பின் இருக்கையில் சாப்பிட்டு, அங்கேயே தூங்கினாள்.

தெரிவுப் போட்டிக்குப் புதுச் சட்டை தைக்கப் போனோம். பெண்பிள்ளைகளுக்கு உள்ளறையில் டெயிலரின் மனைவிதான் அளவெடுப்பார். அவர் வெளியே வந்து கணவரின் காதில் ஏதோ சொன்னார். டெயிலர் அளவு நாடாவைச் சுருட்டி வைத்தார். அன்றுதான் அவர் குரல் தாழ்ந்து கேட்டேன்.

“கைய ஒசத்த ஏலாத புள்ளைக்குக் கை வெச்ச சட்ட என்னத்துக்கு தம்பி?”

உங்கள் வேலை தைப்பது மட்டும்தான் என்று கத்திவிட்டு மகளோடு வெளியேறினேன். இன்னொரு டெயிலரைத் தேடி அலைந்து நாங்கள் வீடு சேருமுன்பே மனிதர் சைக்கிளில் போய் என் மனைவியிடம் சொல்லியிருந்தார். அன்று பின்னேரமே வைத்தியரிடம் போனோம். தோளில் தசைநார் கிழிந்திருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன்.

“நீங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டீங்களே வாப்பா.”

பயிற்றுநர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அவர் அடுத்த கிழமையே இன்னொருவர் மகளுக்கு அதே வாக்கைக் கொடுத்தார். விசாரித்துப் பார்த்தால், அந்தப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தாலும் கட்டணத்தில் ஒரு மூலைக்குத்தான் காணும். அதற்காக ஒரு தோளையும் இரண்டு வருடப் படிப்பையும் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் ஆடட்டும், வேர்க்கட்டும், தோற்கட்டும். அந்த ஆட்டத்தைக் கெம்பஸ் டிக்கெட்டாக்கி விற்பவனைக் கண்டால் எனக்குப் பற்றி எரிகிறது. வாங்குவதற்கு முண்டியடித்தவன் நானே என்பதில் இன்னும் கூடுதலாக எரிகிறது.

ஸமீஹா ஒரு வருடம் பிந்தி உயர்தரப் பரீட்சை எழுதினாள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்ததும், மச்சான்மாருக்குக்கூடச் சொல்லாமல் டெயிலர் வீட்டுக்குப் போனேன். கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதக் காட்டவா இந்த வெயிலுக்குள்ள வந்த? தண்ணியாவது குடிச்சயா?”

இல்லை என்றேன். வழியில் இரண்டு சோடா குடித்திருந்தேன். ஆனாலும் அவர் கையால் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆசையாக இருந்தது.