ஹோட்டல் குப்பையில் எடுத்த கேக்

வெட்கக்கேடான விசயம்தான். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? ஒரு ஹோட்டலின் குப்பைத்தொட்டிக்குள் இடுப்புவரை இறங்கி நின்றவள் நான். (கையை மட்டும் விட்டதாகத்தான் வீட்டில் முதலில் சொன்னேன்.)

அப்போது திருகோணமலை நகரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில், ரைஸ் குக்கர், மின்விசிறி எல்லாம் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. உதிரிப்பாகம் மருந்துக்கும் கிடைக்கவில்லை. "நிலாவெளி ஹோட்டல்காரர் நல்ல சாமானெல்லாம் எறியினம்" என்றாள் கணவரின் தங்கை ரோசலின். மறுநாள் காலையே இருவரும் பஸ் ஏறினோம்.

கிருமிக்குப் பயந்து முகக்கவசம், கையுறை. மாடல் நம்பர் எழுத ஒரு கொப்பி. தொட்டிக்குள் ஒரு டோஸ்டர், வயர் அறுந்த கெட்டில், இரண்டுக்கும் மேலே பெட்டி பிரிக்காத சொக்லேட் கேக். நான் நம்பர் வாசிக்க ரோசலின் எழுதிக்கொண்டிருந்தபோது மனேஜர் வந்துவிட்டார்.

பிடிபட்டோம் என்று இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அவரோ பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"மிஸ், அது நேற்றையான் கேக். ஒருத்தருக்கும் குடுக்கேல்ல."

இந்த மனிதர் ஏன் என்னிடம் கேக்கின் வயதைச் சொல்கிறார்?

"பரவாயில்லை. இதை நாங்கள் கொண்டுபோகலாமோ?"

"சாம்பிளுக்கோ, மிஸ்?" அவர் முகம் வெளிறியது.

"ஓம், முதல்ல கொஞ்சம் சாப்பிட்டுப் பாப்பம்."

ஓடிப்போய்க் கரண்டி கொண்டுவந்தார். பிறகு கதிரை வந்தது, இளநீர் வந்தது. ரோசலின் குடித்தாள். (அவளுக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.) "குசினியையும் ஒருக்காப் பாருங்கோ" என்று உள்ளே அழைத்தார். குப்பை எடுக்க வருபவர்களுக்கு நிலாவெளியில் இவ்வளவு மரியாதையா! அங்கே பெரிய பிரிஜ் ஒன்று கரகரத்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அதன் பின்னால் குனிந்து பார்த்து, "இப்பிடியே விட்டா உள்ளுக்கிருக்கிற மீனெல்லாம் பழுதாகும்" என்றேன். சமையல்காரர் நெற்றியைத் துடைத்தார்.

கடைசியில் மனேஜர் தடித்த புத்தகம் ஒன்றை விரித்தார். மேலே 'சுகாதாரப் பரிசோதகர் வருகை' என்று எழுதியிருந்தது.

"ஒரு கையெழுத்து, மிஸ்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையெழுத்து வைத்தால் மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"வைச்சிட்டு வாங்கோ மச்சாள், பஸ் போயிடும்" என்றாள் ரோசலின்.

"ஐயா, நாங்கள் குப்பை பொறுக்க வந்தனாங்கள்" என்றேன், அழாக்குறையாக.

அவர் என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். ரோசலின் கையிலிருந்த இரண்டாவது இளநீரைப் பார்த்தார்.

"அப்ப உண்மையான மிஸ் எங்க?"

"தெரியாது ஐயா."

"பிரிஜ்?"

"அது உண்மையிலயே பழுதுதான்."

புத்தகத்தை மூடினார். "திருத்தத் தெரியுமோ?"

"ஓம்."

பொலிசுக்குப் போகாமல் அன்று பிரிஜ்ஜுக்குப் பின்னால் போனேன். இன்றுவரை அந்த ஹோட்டலில் எது பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கலியாண வீடுகளில்தான் தொல்லை. ரோசலின் நேரே சமையல் பக்கம் போய், என்னைக் காட்டி ஏதோ குசுகுசுப்பாள். சற்று நேரத்தில் எனக்கு மட்டும் கோப்பை இரண்டு தரம் கழுவி வரும். என் கணவர் தன்னுடையதையும் என் பக்கம் தள்ளுவார்: "மிஸ், என்ரயையும் ஒருக்காச் செக் பண்ணுங்கோ."