வில்லன்களுக்கு வாதாடியவர்

பங்குனி நோம்பியின், அதாவது எங்கள் ஊர்த் திருவிழாவின், இரண்டாம் நாள் மாலை சரியாக ஐந்தே கால் மணிக்கு, எங்கள் தெருவின் கொடுங்கோல் மன்னன் காணாமல் போனான். நாடகம் ஆறரைக்கு. கிரீடம் ஒப்பனை மேசை மேல் இருந்தது. மன்னனும் இல்லை, மன்னனுடைய பைக்கும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் மன்னனைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவனை எழுதியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உலகத்தில் பிறந்த வில்லன்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வக்கீல்தான் இருந்தார். அவர் நாமக்கல்லில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே, தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. எங்களுக்கு அவர் வில்லன் வக்கீல்.

கடையில் ஒரு சின்ன டிவி உண்டு. பள்ளி விட்ட பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து சூப்பர் ஹீரோ படங்கள் பார்ப்பார்கள். ஹீரோ பறந்து வந்து நான்கு கட்டடங்களை இடித்து வில்லனை ஒழித்ததும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். வக்கீல் மட்டும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார். ஒருமுறை ஈரத் தலையோடு அவரைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, ஏதாச்சும் கெட்ட காரியமா?"

"ஆமாங்க அம்மிணி. நம்ம வில்லன் போய்ச் சேந்துட்டான். அழுவறதுக்கு ஒறம்பரை, சொந்தம்னு ஒருத்தர் இல்ல. நாமளாச்சும் தல முழுகோணுமில்லீங்க?"

எந்தக் கதையைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சரிங்க, அவன் கெட்டவனா ஆன அன்னைக்கு எந்த ஊட்டுல அவனுக்குக் கதவச் சாத்துனாங்க?" பதில் தெரியாவிட்டால் கதை தள்ளுபடி. இப்படி வாதாடி வாதாடித் தெருப் பிள்ளைகளின் மனத்தையே மாற்றிவிட்டார். விளையாட்டில் எல்லோரும் வில்லன் வேஷத்துக்கு அடித்துக்கொண்டார்கள். ஒரு கோடை விடுமுறை முழுக்க எங்கள் தெருவில் உலகத்தைக் காப்பாற்ற ஆளே கிடைக்கவில்லை.

நோம்பிக்கு நோம்பி தெரு நாடகத்தையும் அவர்தான் எழுதினார். முதல் நாடகத்தில் ஹீரோவுக்கு முதுகில் பறக்கும் அங்கி வேண்டும் என்றார்கள். தார்ப்பாய்க்காரரிடம் கேட்டால் என்ன கிடைக்கும்? பித்தளை வளையமெல்லாம் அடித்து, மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற அசல் லாரித் தார்ப்பாயில் தைத்துக் கொடுத்துவிட்டார். ஹீரோ மேடைக்கு வந்தான். அங்கி வரவில்லை. இன்னொரு முறை இழுத்தான். மல்லாந்து விழுந்தான். கடைசியில் வில்லன்தான் அங்கியின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் தோழி மாதிரி நாடகம் முடியும்வரை பின்னாலேயே நடந்தான். வக்கீலுக்கு அன்று பரம திருப்தி.

இந்த ஆண்டு நாடகத்தின் பெயர் 'தண்ணீர் ராசா'. ராசா நாட்டின் தண்ணீரையெல்லாம் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறான். வீட்டுக்கு ஒரு குடம். யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது. சாயங்காலமானால் மாடியில் நின்று குடிகளெல்லாம் வீடு திரும்பிவிட்டார்களா என்று பார்ப்பான். ஒருத்தர் தாமதித்தாலும் தண்டனை. ஏன்? சின்ன வயதில் அவனுடைய ஊர், இருந்த தண்ணீரை ஒரே திருவிழாவில் குடித்துத் தீர்த்துவிட்டு, அடுத்த கோடையில் தாகத்தில் செத்தது. தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் தட்டாத கதவில்லை. அவனை எதிர்க்கப் பறந்து வருபவள் சூறாவளி என்ற சூப்பர் ஹீரோயின். சூறாவளியாக என் மகள் யாழினி, ஒன்பதாம் வகுப்பு.

ஒத்திகை நடக்க நடக்கத் தெருவில் ஒவ்வொருவராக வக்கீல் கடைக்குப் போனார்கள். டியூஷன் மாஸ்டர் போனார், பள்ளி வேன் ஓட்டுகிறவர் போனார். ராசா தன்னைப் பார்த்து எழுதியதுதான் என்று எல்லோருக்கும் சந்தேகம். நானும் போனேன்.

"சாயங்காலம் மாடியில நின்னு பாத்துட்டே இருக்கறது நானுங்கண்ணா. வேன் கொஞ்சம் லேட்டானா ஊரையே கூட்டறவ நான்தான்."

வக்கீல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "நீங்களுந்தானுங்க அம்மிணி. ஒரு ஆள வெச்சு ராசாவுக்குத் துணி பத்தலீங்க. ஊட்டுக்கு ஒரு துண்டு கிழிச்சுத்தான் தெச்சேன்."

சந்தேகமே வராத ஒரே ஆள், ராசாவாக நடிக்க வேண்டிய எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். தெருக் குழாயின் வால்வுச் சாவி அவருடைய இடுப்பில்தான் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் திறப்பார், கெஞ்சினாலும் கூடத் திறக்க மாட்டார். வக்கீலும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒரு மாதமாக உற்சாகமாக வசனம் மனப்பாடம் செய்த மனிதரிடம், நோம்பியன்று கிரீடம் வைத்துக் கண்ணாடி முன் நின்றபோது அவர் வீட்டுக்காரம்மா வந்து பார்த்துச் சொன்னார், "ஏனுங்க, வேசமே போட வேண்டாமாட்ட இருக்குதே! இது நீங்களேதானுங்க!"

தலைவர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார்.

"ஏய்யா, முழுக் கெட்டவனா எழுதியிருந்தீன்னா நடிச்சுப்போட்டுப் போயிருப்பேன். ஒருத்தனும் என்னைய நெனைக்க மாட்டான். நீ நாயத்தோட எழுதிப்போட்ட. இப்ப நானுன்னு சந்துக்குச் சந்து தெரிஞ்சுபோவும்."

"தெரிஞ்சா என்னடா? உன்ற பக்கமும் நாலு பேரு நெனைப்பாங்க."

"எனக்கு வக்கீலு வேண்டாம்."

கிரீடத்தைக் கழற்றி வைத்தார். பைக் கிளம்பியது. அப்போதுதான் ஐந்தே கால்.

"நாடகத்த நிறுத்தீரலாமுங்களா?" என்று கேட்டேன். உண்மையில் எனக்கு ராசாவைப் பற்றிக் கவலையில்லை. சூறாவளி பறக்க வேண்டுமே, அதுதான் கவலை. பறக்க வைப்பதற்குத் தலைவர் தன் ஷெட்டிலிருந்து செயின் பிளாக்கைக் கொடுத்திருந்தார். சங்கிலியை இழுக்க இழுக்கக் கொக்கி மேலே ஏறும், ரிக் இன்ஜினைத் தூக்குகிற சாமான். ஊரில் வேறு எங்கேயாவது கயிறு கட்டியிருப்பார்கள். எங்களுக்கு எதைத் தூக்குவதென்றாலும் செயின் பிளாக்தான்.

"முழு இன்ஜினையே தூக்குதுங்க அம்மிணி. பாப்பா என்ன, பூவாட்டம்" என்றார் வக்கீல்.

"இன்ஜினுக்கு மூச்சு வாங்காதுங்களே" என்றேன். யாழினி என்னை முறைத்தாள்.

நாடகம் தொடங்கியது. ராசாவின் வசனத்தை வக்கீலே திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் பேசினார். முதுகில் தார்ப்பாய்ப் பட்டை கட்டிய என் மகள், க்ரக் க்ரக் என்ற சத்தத்தோடு, விரற்கடை விரற்கடையாகப் பறந்தாள். உலகத்திலேயே மிக மெதுவாகப் பறந்த சூப்பர் ஹீரோ அவள்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது சங்கிலி சிக்கிக்கொண்டது.

இறக்க இழுத்தார்கள். மேலே போனாள். வேறு பக்கம் இழுத்தார்கள். இன்னும் மேலே போனாள். அந்தப் பழைய பிளாக்கின் குணம் தலைவர் ஒருவருக்குத்தான் தெரியும். தப்பான இடத்தில் தட்டினால் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று பட்டறைக்காரர்களே கையை எடுத்துவிட்டார்கள். தலைவரின் போன் அணைந்திருந்தது. பட்டை விலா எலும்பை நெரித்தது. சட்டையில் குத்தியிருந்த மைக்கில் அவள் குரல் கேட்டது. "அம்மா, மூச்சு விட முடியலம்மா."

ஊரைக் கூட்டுகிறவள் என்று சொன்னேனே, வாயில் ஒரு சொல் வரவில்லை.

வக்கீல் மேசை மேல் பெஞ்சைப் போட்டு ஏறினார். அறுபதைத் தாண்டியவர், மெஷின் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தவர். அவளுக்குக் கீழே போய் நிமிர்ந்து நின்றார்.

"என்ற தோளு மேல கால வெச்சு நில்லு சாமி. நல்லா அழுத்தி வெய்யி. பெல்ட்டு லூசாவுதா?"

"ம்."

"அழுவாத. கத எங்க நின்னுச்சு, சொல்லு."

"ராசா... ராசா வரணும் தாத்தா."

"வருவான் சாமி. அவன் கெட்டவன்தான், ஆனா வருவான்."

பட்டறைக்காரர்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு யாரையும் ஏற அவர் விடவில்லை, அசைந்தால் பிள்ளைக்கு வலிக்குமாம். கால் நடுங்க, வியர்வை கண்ணில் வழிய, துடைக்கக் கையை எடுக்காமல் நின்றார். அந்த நோம்பிக்குப் பிறகு அவருடைய மகன் அவரைப் பள்ளிபாளையத்துக்கு அழைத்துக்கொண்டு போய் இப்போது சில மாதங்கள் ஆகின்றன. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். டிவியில் எவனாவது ஒரு வில்லன் செத்தால், அந்த முட்டியோடு அவர் அங்கே குளியலறைக்கு நடந்து போவாரே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

நோம்பிக்காகப் பேருந்து நிலையம் வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அங்கே ஒரு டீக்கடையில் கோபத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு நாடகம் மொத்தமும் கேட்டிருக்கிறது. பைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு, பாதி கலைந்த ஒப்பனை மீசையோடு தலைவர் மேடையில் ஏறினார். கூட்டத்தில் யாரோ "ராசா வந்தாச்சு" என்று கத்தினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கையால் சங்கிலியை இறுக்கிப் பிடித்து, மறு கையால் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரே தட்டு. சூறாவளி விரற்கடை விரற்கடையாக இறங்கி, மேடைக்கு ஓடிவந்த என் கைகளில் வந்து சேர்ந்தாள்.

வக்கீல் இன்னும் பெஞ்சின் மேலேயே நின்றார். பாரம் போனது அவருடைய தோளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. தலைவர் கையை நீட்டினார்.

"எறங்குய்யா, அதான் வந்துட்டேன்ல" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "ரொம்ப வலிக்குதாடா?"